உட்கார்ந்த பூனை, பாயும் பூனை

எழுபத்தேழாம் ஆண்டு நான் ஜெபல் அலியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். துறைமுகம் அப்போது துறைமுகமாக இல்லை. பாலைவனத்தை வெட்டிக் கடலை உள்ளே இழுத்துக்கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆறு போர்ட்டகேபின்களை வரிசையாகச் சேர்த்து எங்கள் ஆபீஸ். மனைவியும் இரண்டு வயது மகளும் துபாயில், தேராவில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தார்கள். காலையும் மாலையும் கம்பெனி வேன். திருச்சியில் பாலிடெக்னிக் படித்துவிட்டு மெட்ராஸில் சின்னச் சின்ன வீடுகளுக்குப் பிளான் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய இடம். என்னைப் பற்றி எனக்கு அப்போது நல்ல அபிப்பிராயம் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

எங்கள் தலைமை எஞ்சினியர் ஸ்காட்லாந்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். அந்த நாட்டுக்காரர்கள் அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் சைட்டில் இருந்தார்கள். நவம்பர் கடைசியில் தங்கள் நாட்டுப் புனிதரின் பெயரில் ஒரு விருந்து வைப்பார்கள். கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு, தலையில் பானெட் தொப்பி வைத்து, அதன் இடது பக்கத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு வருவார்கள். அந்த பேட்ஜ்தான் ஒருவர் எந்தக் குலம் என்று சொல்வது.

அந்த வருட விருந்துக்கு ஒரு அட்டை அச்சடிக்க வேண்டும், அதில் பன்னிரண்டு பேருடைய பேட்ஜ்களையும் வரைந்து தரமுடியுமா என்று தலைமை எஞ்சினியர் என்னைக் கேட்டார். உத்தரவாகச் சொல்லவில்லை. கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டூட்டி முடிந்து வேன் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் வரைந்து தருகிறேன் என்றேன்.

அவர் எனக்கு உட்கார்ந்து விளக்கினார். நடுவில் இருக்கும் உருவம் குலத் தலைவருடையது. மற்றவர்கள் அதை அணியும்போது சுற்றிலும் ஒரு தோல் வார், பக்கிள் மாட்டியபடி வளைந்திருக்க வேண்டும். 'நான் இவருடைய ஆள்' என்று அதற்கு அர்த்தம். தலைவர் மட்டும் வார் இல்லாமல், மூன்று கழுகு இறகுகளோடு அணிவார். வாரின்மேல் குலத்தின் வாசகம் லத்தீனிலோ பழைய ஸ்காட்டிஷிலோ பொறித்திருக்கும். நம் ஊரில் மாட்டுக்குச் சூடு வைத்து அடையாளம் போடுவார்களே, அது என் மனதில் வந்தது. நல்லவேளையாக வாயைத் திறக்கவில்லை.

பேட்ஜ்களை அவரவர் குவார்ட்டர்ஸிலிருந்து வாங்கி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் கொண்டுவந்தவர், அந்தக் குவார்ட்டர்ஸில் துணி துவைத்து இஸ்திரி போட்டு அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர். ராமநாதபுரம் பக்கம், முதுகுளத்தூருக்கு அருகில் ஊர். கம்பெனி லிஸ்டில் அவருக்கு 'ஹவுஸ் பாய்' என்று பெயர். வயது நாற்பத்துமூன்று. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் என்னை சார் என்பார். என் மனைவி வியாழக்கிழமைகளில் இரண்டு டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்புவாள், ஒன்று அவருக்கு. அதை அவர் வாங்கியதைவிடப் பளபளப்பாகத் தேய்த்துத் திருப்பித் தருவார்.

பேட்ஜ்களையும் அப்படித்தான் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். கறுத்துப்போய்க் கிடந்த வெள்ளியெல்லாம் கண்ணைப் பறித்தது. நான் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க, அவர் பக்கத்தில் நின்று தானும் பார்த்தார். மூன்று பன்றித் தலை இருந்தன. இரண்டு ஒன்றுபோலத் தெரிந்தது. மூன்றாவதன் வாயில் ஒரு எலும்பு. மான் தலை இரண்டு.

"சார், இந்த மானப் பாருங்க. இதுக்குக் கழுத்து அருவாளால வெட்டுனாப்ல நேரா இருக்கு. இந்தா, இதுக்குப் பிச்சு எடுத்தாப்ல தொங்குது."

லென்ஸ் இல்லாமலே சொன்னார். எனக்கு அதுவரை தெரியவில்லை. பிறகு தலைமை எஞ்சினியர் கொடுத்திருந்த புத்தகத்தைப் புரட்டினால், வெட்டிய கழுத்து, பிய்த்த கழுத்து என்று அவர்கள் அதைத் தனித்தனியாகவே எழுதியிருந்தார்கள். "அண்ணே, நீங்க கெட்டிக்காரருண்ணே" என்றேன். அவர் வெட்கப்பட்டு டின்னின் மூடியைத் துடைத்தார்.

மூன்று வாரம் வரைந்தேன். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணய அளவு. டிரேசிங் பேப்பரில், மிக மெல்லிய நிப்பில், மானின் கண்ணில் ஒளி விழுவதுவரை. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக எதையும் வரைந்ததில்லை. கடைசியில் இரண்டு பேட்ஜ் மீதி இருந்தது. இரண்டிலும் பூனை. வாசகமும் ஒன்றே: கையுறை போடாமல் இந்தப் பூனையைத் தொடாதே என்பதுபோல. ஒன்று தலைமை எஞ்சினியருடையது, இன்னொன்று இளம் சர்வேயர் ஒருவருடையது. இரண்டு குலமும் பழைய காலத்தில் கூட்டாக இருந்தவை என்று புத்தகத்தில் இருந்தது. பிரஸ்ஸுக்கு மறுநாள் கொடுக்க வேண்டும். சர்வேயருடைய பூனையை வரைந்து முடித்திருந்தேன். தலைமை எஞ்சினியருடைய பேட்ஜ் தேய்ந்துபோனது, அவர் அப்பா காலத்தது. ஒரு பார்வை பார்த்தேன். அதே பூனை, அதே எழுத்து. வரைந்ததன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து அப்படியே இன்னொன்று எடுத்து, வாருக்கு மட்டும் கொஞ்சம் நிழல் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

அட்டை பிரமாதமாக வந்தது. விருந்தில் தலைமை எஞ்சினியர் எழுந்து, நம் பேட்ஜ்களை நம்மைவிட நன்றாக அறிந்தவர் ஒருவர் இந்தச் சைட்டில் இருக்கிறார், அவர் மெட்ராஸ்காரர் என்று சொன்னாராம். மறுநாள் என் கேபினுக்கே வந்து கைகொடுத்தார். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு அட்டையைத் தந்தார். என் மனைவி அதை ஷோகேஸில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். சைட்டில் ஆங்கிலேயர்கள்கூட என்னைப் பார்த்தால் பேட்ஜ் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். சர்வேயர் தன் பூனையைப் பார்த்தார், அது சரியாக இருந்தது. தலைமை எஞ்சினியர் தன் பூனையைப் பார்த்தார், மகிழ்ந்தார். வருடத்துக்கு ஒருநாள் தொப்பியில் குத்திக்கொள்கிற பூனையை யார் எழுத்தெண்ணிப் பார்க்கிறார்கள்?

பார்த்தவர் ஒருவர்தான். இரண்டு நாள் கழித்து இஸ்திரி போட்ட சட்டைகளோடு என் கேபின் வழியாகப் போனவர், மேஜையில் கிடந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு நின்றார்.

"சார், ரெண்டு பூனையும் ஒண்ணாவே போட்டுட்டீகளே?"

"ஒண்ணுதானேண்ணே?"

"இல்ல சார். சின்ன தொர பூனை உக்காந்துருக்கும். வாலச் சுருட்டிக் காலச் சுத்தி வச்சிருக்கும். பெரிய தொர பூனை பாயும் சார். பின்னங்கால் ரெண்டையும் ஊண்டி, முன்னங்கால் மேல. தேஞ்சு போச்சு, கண்ணுக்குத் தெரியாது. துடைக்கையில வெரலுக்குத் தெரியும்."

புத்தகத்தை எடுத்துத் திறந்தேன். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு பூனைகள். ஒன்று உட்கார்ந்திருந்தது, ஒன்று பாய்ந்துகொண்டிருந்தது. சின்னக் குழந்தைகூடச் சொல்லியிருக்கும்.

புத்தகத்தை மூடினேன். "அண்ணே, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்? நமக்குள்ள."

சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரம் வந்தபோதும் சொல்லவில்லை.

ஜனவரியில் சர்வேயர் காண்ட்ராக்ட் முடிந்து கிளம்பிவிட்டார். மார்ச்சில் ஒருநாள் காலை பத்து மணிக்குத் தலைமை எஞ்சினியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். அவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கேம்ப் பாஸ் ஜன்னலோரம் நின்றிருந்தான். தொழிலாளர் குடியிருப்பை நிர்வகிப்பவன், எல்லாருடைய பெட்டிச் சாவியும் தன் இடுப்பில் இருப்பதுபோல நடப்பவன். கதவருகே, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, அண்ணன்.

மேஜைமேல் ஒரு கைக்குட்டை. அதன்மேல் ஒரு பூனை பேட்ஜ்.

விஷயம் இதுதான். யாரோ ஒருவர் கல்யாணத்துக்காகத் தலைமை எஞ்சினியர் தொப்பியை எடுத்திருக்கிறார். பேட்ஜ் இல்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. கேம்ப் பாஸிடம் சொல்ல, அவன் நேராகப் போய் அண்ணனுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறான். துணிகளுக்கு அடியில் இது இருந்தது.

"இது என்னுடையதாகத்தான் தெரிகிறது" என்று தலைமை எஞ்சினியர் ஆங்கிலத்தில் சொன்னார். "ஆனால் தவறாகச் சொல்லிவிடக் கூடாது. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள்தான் வரைந்தீர்கள். பாருங்கள்."

மேஜையின் ஓரத்தில் அந்த அட்டை திறந்து கிடந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்து வைத்திருக்கிறார். அதில் அவர் பெயருக்கு மேல் நான் போட்ட பூனை, வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பேட்ஜை எடுத்தேன். லென்ஸ் தேவைப்படவில்லை. உட்கார்ந்த பூனை. பின்னால் திருப்பினேன். பழைய ஊசி போய், அந்த இடத்தில் ஒரு சேஃப்டி பின் ஈயம் வைத்து ஒட்டியிருந்தது, மிகச் சுத்தமாக.

அந்த அறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அரை நிமிடம் இருக்கலாம். அந்த அரை நிமிடத்தில் நான் அண்ணனைப் பற்றி யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. அட்டையைப் பற்றி யோசித்தேன். இது உங்களுடையதில்லை, உங்களுடையது பாயும் பூனை என்று சொன்னால், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். அப்படியானால் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறது என்பார். கைகொடுத்த மனிதர் கேட்பார். கேம்ப் பாஸ் கேட்டுக்கொண்டு நிற்பான். மதியத்துக்குள் சைட் முழுக்கத் தெரியும்.

"உங்களுடையதுதான் சார்" என்றேன்.

"நிச்சயமாகவா? என் பேட்ஜின் பின்னால் இப்படி ஊசி இருந்ததாக நினைவில்லை."

"பின்னை மாற்றியிருக்கலாம் சார்."

யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன். அண்ணன் கைவேலையையே அவருக்கு எதிராகத் திருப்பிக் கொடுத்தேன்.

தலைமை எஞ்சினியர் தலையசைத்தார். பிறகு, "அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அவருக்கு இந்தி சரியாக வராது என்கிறான் இவன். தமிழில் கேளுங்கள்" என்றார்.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். அண்ணே என்று கூப்பிட வாய் வரவில்லை. "என்ன சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தே பேசினார். பதற்றம் இல்லை. நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் பேசினார் என்று இப்போது தோன்றுகிறது.

"சார், இது பெரிய தொரயோடது இல்ல. அவரு பூனை பாயுற பூனை. இது உக்காந்துருக்க பூனை. சின்ன தொர ஊருக்குப் போகும்போது எனக்குக் குடுத்துட்டுப் போனாரு. ஊசி ஒடஞ்சு கெடந்துச்சு, நாந்தான் பின்ன வச்சு ஈயம் போட்டுக் குடுத்தேன். நீயே வச்சுக்க, நான் வெள்ளியில புதுசு சொல்லிருக்கேன்னு கையக் காமிச்சு சொன்னாரு. அந்தப் பொஸ்தகத்தக் கொண்டாரச் சொல்லுங்க சார். ரெண்டு பூனையையும் காமிச்சா அவருக்கே தெரிஞ்சுரும்."

அட்டையில் தப்பாக வரைந்திருக்கிறது என்று சொல்லவில்லை. அட்டை அவர் கண்ணெதிரே கிடந்தது. அதை விரலால் தொட்டிருந்தால் போதும். எனக்குக் கொடுத்த வார்த்தையை அந்த இடத்திலும் காப்பாற்றினார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "வேறொருவர் கொடுத்ததாகச் சொல்கிறார் சார்."

"யார்?"

"வேலையை விட்டுப் போன ஒரு எஞ்சினியர்."

கேம்ப் பாஸ் சிரித்தான். "எல்லாரும் போனவர்கள் பெயரைத்தான் சொல்வார்கள் சார்."

"வேறு ஏதாவது சொன்னாரா? நிறைய பேசினாரே."

"நோ சார். அவ்வளவுதான்."

அண்ணன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்புட்டுத்தானா சார்? நான் சொன்னது அம்புட்டையும் சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்."

அவர் கைகளை மறுபடியும் முன்னால் கோத்துக்கொண்டார்.

தலைமை எஞ்சினியர் தன் வரையில் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டார். போலீஸ் வேண்டாம் என்றார். விசாவை கேன்சல் செய்து, டிக்கெட் கொடுத்து அனுப்பினால் போதும் என்றார். கேம்ப் பாஸ், முடிந்தது என்பதற்கு அரபியில் "கலாஸ்" என்று கையைத் தட்டினான். நான்கு நாளில் அனுப்பிவிட்டார்கள். அந்த நான்கு நாளும் நான் மதியச் சாப்பாட்டுக்குக் கேபினை விட்டு வெளியே வரவில்லை. குவார்ட்டர்ஸ் பக்கம் போகவே இல்லை. அவர் போன மறுநாள் வேன் டிரைவர் என்னிடம் எங்கள் டிபன் பாக்ஸைக் கொடுத்தான். எப்போதும்போலத் தேய்த்திருந்தது.

"அவரு வேலையை விட்டுட்டாரா?" என்று மனைவி கேட்டாள்.

"ஊருக்குப் போயிட்டாரு" என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. அவ்வளவு தூரம் இறங்கியிருந்தேன்.

ஆகஸ்டில் தலைமை எஞ்சினியர் லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பினார். வந்த அன்றே என் கேபினுக்கு வந்து, டிராயிங் போர்டின்மேல் இரண்டு பேட்ஜ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாவாடைக்கு முன்னால் தொங்கும் தோல் பையின் உள்துணி கிழிந்திருந்ததாம். அதற்குள் விழுந்து கிடந்திருக்கிறது. அவர் மனைவி தைக்க எடுத்தபோது கிடைத்தது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் கொஞ்சம்கூட ஒத்துப்போகவில்லை. அளவே வேறு.

"நீங்கள் நிச்சயம் என்றீர்கள்" என்றார்.

"தப்பாகப் பார்த்துவிட்டேன் சார்."

அவர் அட்டையையும் கொண்டுவந்திருந்தார். அதை விரித்து, இரண்டு பூனைகளையும் நெடுநேரம் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. திட்டுவார் என்று நின்றேன். வேலை போய்விடும், மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

"நானும் பார்த்திருக்க வேண்டும்" என்று அவர் சொன்னார். "என் அப்பாவின் பேட்ஜ் இது. நானே சரியாகப் பார்த்ததில்லை."

அவருக்கு நான் ஏமாந்தவனாகத் தெரிந்தேன். பொய்யனாகத் தெரியவில்லை. நல்ல மனிதர்களிடம் தப்பித்துக்கொள்வது சுலபம். அன்றே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். புத்தகத்தைக் கேட்டார் சார், பூனையைப் பற்றிச் சொன்னார் சார், நான்தான் மறைத்தேன் என்று நான்கு வரி. சொல்லவில்லை.

அண்ணனைத் திரும்ப அழைக்க வேண்டும், தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள் என்றார். அண்ணனை வேலைக்கு அனுப்பிய மெட்ராஸ் ஏஜெண்டின் முகவரிக்கு எழுதினேன். 'உங்கள்மேல் தவறு இல்லை என்று தெரியவந்துள்ளது, வேலை காத்திருக்கிறது' என்று எழுதினேன். 'தெரியவந்துள்ளது.' யாருக்கு, எப்படி என்று எழுதவில்லை. தலைமை எஞ்சினியர் உட்கார்ந்த பூனையை என்னிடம் கொடுத்து, அவர் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். பதில் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் தபால் பையைப் பார்ப்பேன். வந்திருக்காது. எனக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதி இருக்கிறதே, நடந்த எல்லாவற்றையும்விட அதை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் கூசுகிறது.

எழுபத்தொன்பதில் என்னை ஓமானுக்கு, சலாலாவில் ஒரு சாலை வேலைக்கு மாற்றினார்கள். தலைமை எஞ்சினியர் அதற்குமுன்பே ஓய்வுபெற்றுப் போய்விட்டார். சலாலாவில் ஆகஸ்டில் தூறல் விழும். மலையெல்லாம் பச்சை. வளைகுடாவில் அப்படி ஒரு இடம் இருக்கிறது என்றால் துபாய்க்காரர்கள் நம்பமாட்டார்கள். எங்கள் கேம்ப் துணிகள் ஊருக்குள் ஒரு லாண்டரிக்குப் போகும். ஒரு வெள்ளிக்கிழமை என் சட்டை ஒன்று மாறிப்போனதென்று நானே நேரில் போனேன்.

உள்ளே ஆவிக்கு நடுவில், நீள மேஜையில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நல்லாருக்கீகளா சார்?"

நான் என் சட்டை விஷயத்தைச் சொன்னேன். உண்மையாகவே அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். அதற்குமேல் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"அண்ணே, அன்னைக்கு ஆபீஸ்ல..."

"தெரியும் சார்."

"இல்லண்ணே, நீங்க சொன்னதை நான்..."

"தெரியும்னேனே. எனக்கு இங்கிலீசு பேச வராது. ஆனா பூனைக்கு அதுல 'கேட்டு'ன்னு சொல்லணும்னு தெரியும். நான் எத்தன தடவ பூனைன்னு சொன்னேன்? நீங்க ஒருக்காகூட 'கேட்டு'ன்னு சொல்லல. அதான் கேட்டேன், அம்புட்டையும் சொல்லிட்டீகளான்னு."

அப்படியானால் அந்த அறையில் அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்திருக்கிறார். நான் சொல்லிட்டேன் என்றேன்.

கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைக்கவில்லை. ஏஜெண்ட் அதைக் கொடுக்கவே இல்லை. திருடியதால் திருப்பி அனுப்பப்பட்டவன் என்று கம்பெனி சொன்னதை மட்டும் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான். அவர் தம்பி அதே ஏஜெண்டிடம் விசாவுக்குப் பாஸ்போர்ட் கொடுத்திருந்தார். திருடன் தம்பிக்கு வேலை கிடையாது என்று பாஸ்போர்ட்டைத் தூக்கி எறிந்திருக்கிறான். அண்ணன் வேறு ஆள் பிடித்து, ஒரு வருடம் அலைந்து இங்கே வந்திருக்கிறார்.

என் அறைக்குப் போய் பேட்ஜை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்க்கக்கூட இல்லை.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"அது கெடக்கட்டும் சார். எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. இங்கிலீசுல. நான் எடுக்கலன்னு. கீழ கையெழுத்துப் போட்டு. அந்த ஏஜெண்டு மொகத்துல காட்டணும்."

கவுண்டரிலேயே பேப்பர் வாங்கி எழுதினேன். குறிப்பிட்ட பேட்ஜை நான் தவறுதலாக அடையாளம் கூறியதால் இவர் வேலை இழக்க நேர்ந்தது, இவர் குற்றமற்றவர், இப்படி. நல்ல ஆங்கிலம். அவர் அதை வாங்கிக்கொண்டு, கல்லாவில் இருந்த மலையாளி சூபர்வைசரிடம் கொடுத்தார். "பாய், இதுல என்ன போட்டுருக்குன்னு சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க, ஒரு எழுத்து விடாம."

என் எதிரில் நின்று கேட்டார். அந்த மனிதர் தனக்குத் தெரிந்த தமிழில் வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். 'தவறுதலாக' என்ற இடம் வந்ததும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தப்பாப் பாத்துட்டேன்னு போடாதீக சார். நீங்க சரியாத்தான் பாத்தீக. தெரிஞ்சே சொன்னேன்னு போடுங்க. நான் சொன்னதச் சொல்லாம விட்டேன்னும் போடுங்க."

சூபர்வைசர் என்னைப் பார்த்தார். துணி கொடுக்க வந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போதும் என் கை தயங்கியது. சலாலாவில் நான் இருந்தது அதே கம்பெனியின் கிளை. இந்தக் காகிதம் ஏஜெண்டிடம் போய், அவன் அதைக் கம்பெனிக்கு அனுப்பினால்? மகளைப் பள்ளியில் சேர்த்திருந்தோம். நின்றேன். அண்ணன் அவசரப்படுத்தவில்லை. மேஜைக்குத் திரும்பிப்போய், விட்ட இடத்திலிருந்து விரிப்பைத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு விரிப்பு முடிந்து அடுத்ததை எடுத்தார்.

இரண்டாவது காகிதத்தை எழுதினேன். எனக்கு உண்மை தெரியும், தெரிந்தே பொய் சொன்னேன், என் சொந்தத் தவற்றை மறைக்கச் சொன்னேன், அவர் தமிழில் சொன்ன விளக்கத்தை வேண்டுமென்றே மொழிபெயர்க்காமல் விட்டேன். எழுதும்போது ஆங்கிலம் தடுமாறியது. கையெழுத்துப் போட்டேன். அவர் கேட்காமலே கம்பெனி பெயரையும் என் பாஸ்போர்ட் எண்ணையும் கீழே எழுதினேன். சூபர்வைசர் மறுபடி படித்துச் சொன்னார். இந்த முறை அண்ணன் கடைசிவரை கேட்டார்.

"சரி" என்றார். காகிதத்தை நான்காக மடித்தார். முதலில் எழுதியதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தால் அவருக்கு என்ன ஆனது, தம்பி வளைகுடாவுக்கு வந்தாரா என்பது எனக்குத் தெரியாது. கம்பெனியிலிருந்து யாரும் என்னைக் கேட்கவில்லை. ஓய்வுபெற்றுப் போன தலைமை எஞ்சினியரின் முகவரி என்னிடம் இருந்தது. அவருக்கும் இப்படி ஒன்று எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். எழுதவில்லை.

சலாலாவில் இன்னும் ஏழு மாதம் இருந்தேன். துணிகள் கேம்ப் வண்டியில் போய் வந்துகொண்டிருந்தன. ஒருநாள் மாலை மார்க்கெட்டில், எதிர்ச் சாரியில், அவர் வாழைப்பழச் சீப்பு ஒன்றைத் தூக்கிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை லேசாக அசைத்தார். நானும் அசைத்தேன். சாலையைக் கடந்து போய்ப் பேசவேண்டும் என்றுதான் இருந்தது. ஒரு லாரி போனது, இன்னொன்று போனது. சாலை காலியானபோதும் நான் இந்தப் பக்கத்திலேயே நின்றேன். அவர் பழத்தை வாங்கிக்கொண்டு நடந்தார்.